கடைவாசலில் மாட்டிய முகவரி

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தபாலில் அனுப்பக் காரணம், நீங்கள் அமைத்துத் தந்த தமிழ் மின்னஞ்சல் முகவரியிலிருந்து மூன்று முறை அனுப்பியும் உங்கள் அலுவலகம் அதை உள்ளே விடவில்லை.

எதிரே பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை வந்ததிலிருந்து என் சின்னக் கண்ணாடிக் கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். "இணையத்துல ஒரு முகவரி வேணும் மாமா, அதுவும் சுத்தத் தமிழ்ல. கூட்டம் அள்ளும்" என்றீர்கள். தலையாட்டினேன். மாப்பிள்ளை சொல்லி எந்த மாமனார் தலையாட்டாமல் இருந்திருக்கிறார்? வருகிற ஒன்றிரண்டு பேரிடம் முகவரியைச் சொன்னால், "என் போன்ல தமிழ் எழுத்தே இல்லையே, இங்கிலீஷ்ல என்ன சார்?" என்கிறார்கள். லென்ஸ் அனுப்பும் கம்பெனியின் படிவத்தில் நம் மின்னஞ்சலை இட்டால், சரியான முகவரியை இடவும் என்று சிவப்பில் முறைக்கிறது. அங்கே இருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். "உங்க பேர் சரி, கடை பேர் சரி, இமெயில் மட்டும் தப்பு சார்." "ஏம்மா, தமிழ்ல இருந்தா தப்பா?" "நான் சொல்லலை சார், கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

அதையாவது பொறுத்துக்கொண்டேன். பெயர்ப்பலகை எழுதுபவர் முகவரி கேட்டார். திரையில் லட்சணமாகத் தமிழில் இருந்ததை அப்படியே எடுத்து அனுப்பினேன். அவர் போனில் போய் விழுந்ததோ எக்ஸ், என், இரண்டு கோடு, அப்புறம் கண்டபடி இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளம்! தமிழ் முகவரியைக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் இப்படித்தான் மாற்றி வைத்துக்கொள்ளுமாம். மனுஷன் ஒன்றுவிடாமல் வெள்ளைப் பலகையில் கறுப்பில் எழுதி, இடம் பற்றாமல் வரிக்கு வரி எழுத்தைச் சின்னதாக்கி, நான் சாப்பிடப் போன நேரத்தில் மாட்டிவிட்டும் போய்விட்டார். கேட்டால், "எனக்கும் சந்தேகம்தான். இன்டர்நெட் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்னு எழுதிட்டேன்" என்கிறார். இரண்டு நாளாகத் தெருவில் போகிறவர்கள் பலகைக்கு எதிரே நின்று, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு முணுமுணுத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். முப்பது வருஷம் கடை நடத்தியவனுக்கு இந்தக் கேலி தேவையா?

"மாப்பிள்ளைக்குப் போய் இதையெல்லாம் எழுதுவீங்களா?" என்று உங்கள் அத்தை பேனாவைப் பிடுங்க வருகிறாள். எழுதத்தான் எழுதுவேன், வயிறு எரிகிறது. இந்த வாரத்துக்குள் முகவரியை மாற்றித் தராவிட்டால் கடையை மூடிவிட்டு நாங்கள் இருவரும் உங்கள் வீட்டோடு வந்துவிடுகிறோம்.

நோய்நொடி இல்லாமல், எந்தப் படிவத்திலும் சிவப்பு எழுத்தைப் பார்க்காமல் இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒரு பெரியவர் உள்ளே வந்தார். "வாசல்ல கண் டெஸ்ட் பண்ண எழுதிப் போட்டிருக்கீங்களே, எனக்கு மூணாவது வரி சுத்தமா தெரியலை. கண்ணாடி மாத்தணுமோ?" என்றார். அவர் பின்னாலேயே நாலு பேர். சாயங்காலத்துக்குள் ஒன்பது கண்ணாடிக்கு ஆர்டர். எதிர்க்கடைக்காரரும் வந்து நின்று பார்த்தார். அவருக்கும் மூன்றாவது வரி தெரியவில்லை. கடையை மூடவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, பயப்படாதீர்கள். முகவரியில் மட்டும் கை வைத்துவிட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள் யாராவது இந்தக் கோளாறைச் சரிசெய்யக் கிளம்பினால், எப்பாடு பட்டாவது தடுத்துவிடுங்கள்.