துணி காயும் ஊர்

"ஏனுங்க, இதைப் பார்க்கறதுக்கா குன்னூர்ல இருந்து பஸ் ஏறி வந்தோம்?" என்றாள் அன்னம்.

மதுரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், தேயிலை உருட்டும் ரோலர் ஒன்று நின்றது. மேலே கண்ணாடி போட்டுப் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

"போட்டோவுல இது இல்லியே," என்றார் வேலுசாமி.

குன்னூர் பேக்டரியில் இருபத்திரண்டு வருடம் நாலாம் நம்பர் ரோலரை ஓட்டியவர். தேயிலை விலை விழுந்தது, பேக்டரியை மூடினார்கள், இயந்திரங்கள் லாரி ஏறிப் போயின. அதன்பின் அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு, "எந்த ஹோட்டல்னாலும் சரி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க, பணம் நான் கட்டறேன்" என்றான் மகன் தீபக். அன்னம் கேட்டது இவ்வளவுதான்: பனிமூட்டம் கூடாது, தேயிலை கூடாது, காலையில் துவைத்த துணி மத்தியானம் காய வேண்டும். வேலுசாமி ஒரு மாதம் போனும் கையுமாக உட்கார்ந்து இதைத் தேர்ந்தெடுத்தார். பழைய தெரு, கோபுரம் தெரியும் மாடி, புது மாதிரி அலங்காரம்.

"அத்தனை வருஷமும் நைட் ஷிப்ட்டுனு இதுகூடத்தான் குடும்பம் நடத்துனீங்க. சக்களத்தியாட்ட இங்கயும் வந்து நிக்குது பாருங்க."

முதல் அறையின் ஜன்னல் கூடத்தைப் பார்த்திருந்தது. திரையை விலக்கினால் ரோலர். அன்னம் வேறு அறை கேட்டாள்.

இரண்டாவது அறையில் சுவர் முழுக்கக் கொழுந்துக் கூடைகள். கட்டிலுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் படம்.

"இதுக்கு நம்ம ஊட்டு ஜன்னலே தேவலை," என்றாள்.

மூன்றாவது நீச்சல் குளத்தை ஒட்டியது. வெயில் அடித்தது. அன்னம் ஆசையாகச் சேலையை அலசி நாற்காலியில் விரித்தாள். ஐந்து நிமிடத்தில் மூலையிலிருந்த குழாய் புஸ்ஸென்று பனியை ஊதியது.

"மலைவாசஸ்தல அனுபவம், மேடம்," என்றார் அறைப் பணியாளர் டக்ளஸ்.

"எங்கூர்ல இது சும்மாவே வருமுங்க." அன்னம் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "கெளம்புங்க. வேற ஹோட்டல் பார்க்கலாம்."

"தீபக்கு சங்கடப்படுவான் புள்ள. மொத ரூமுக்கே போயிரலாம். திரையை மூடிக்கிட்டா ஆச்சு."

அன்னம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதம் தேடியும் மனுஷனுக்கு இப்படி அமைந்துவிட்டதே என்றிருந்தது.

"சரி. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல தப்பில்லீங்க," என்றாள்.

சாவிக்காகக் கூடத்தில் நின்றார்கள். வேலுசாமியின் கை தானாகக் கண்ணாடிக்கு அடியில் போய்ப் பித்தளை விளிம்பைத் தடவியது. பல வருடம் கழித்து அவர் முகத்தில் தூக்கம் வந்தது போல ஓர் அமைதி.

பெட்டியோடு வந்த டக்ளஸ் சொன்னார்: "போன மாசம் போன் பண்ணி நீங்க விசாரிச்ச நாலாம் நம்பர் மெஷின் இதுதான் சார், நீங்க சொன்னபடியே வாரம் ஒருக்கா எண்ணெய் விடுறோம்."