நன்றிக்கு எத்தனை புள்ளி?

"ராத்தா, இந்த மாப்போட செக்பொயின்டுக்குப் போனா என்னைப் பிடிச்சு உள்ளுக்கத் தள்ளிப்போடுவாங்கள்!"

சோதிலிங்கம் விறாந்தையில அங்கயும் இங்கயும் நடக்கிறான். பயம் வராதே? சண்டைக்காலம். யாழ்ப்பாணத்தான் கையில மலை, றோட்டு, பாலமெல்லாம் கோடு போட்ட மாப். வெயிலில கரண்ட் எடுக்கக் காணி தேடுறன் எண்டா ஆர் நம்புவான்?

ஆனா விசயம் அதுதான். வெயிலுக்கு இவ்வளவு புள்ளி, சரிவுக்கு இவ்வளவு, றோட்டுக்கு இவ்வளவு எண்டு கூட்டிப் பாத்தா ரெண்டு காணி சமமா வந்து நிக்குது. ஒண்டு பல்லேகலயில. மற்றது கரண்ட் கம்பி எட்டாத இந்த அலவத்துகொட மேட்டில. தமிழரைத் தேடித்தேடி அடிச்ச எண்பத்திமூண்டுக் கலவரத்தில சகீனா ராத்தாவும் ஹாஷிம் நானாவும் அவனை அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சது இந்த வீட்டிலதான். இண்டைக்கும் சோறு இங்கதான்.

நன்றிக்கு எத்தனை புள்ளி போடுறது? தெரியேல்ல. மாப்பில ரெண்டையும் மஞ்சள் அடிக்காம வெள்ளையா விட்டுட்டான். ஒஃபிசில டிரெக்டர் முடிவெடுக்கட்டும்.

"நம்மட எடம் எது தம்பி?" சகீனா எட்டிப் பாத்தா.

"இந்தா, இது. ரெண்டில மஞ்சள் அடிக்கிற இடத்துக்குத்தான் கரண்ட் வரும் ராத்தா."

மாப்பைச் சுருட்டிக் குடைக்குள்ள விட்டான்.

"பாத்தா சுடுற துவக்கு மாதிரி ஈக்கி," எண்டார் ஹாஷிம்.

இடுப்பில சுத்தி மேல சேர்ட்டைப் போட்டான்.

"யா அல்லாஹ், இப்ப குண்டு கட்டின மாதிரி ஈக்கி! கழட்டுங்க!"

"கொண்டாங்க இங்க." சகீனா பறிச்சுக்கொண்டு குசினிக்குள்ள போனா. ஹாஷிமும் பின்னால போனார். திரும்பி வரேக்க மாப் சோத்துப் பார்சல். உள்ளுக்கு வாழையிலை, வெளியில மாப்பின்ர வெள்ளைப் பக்கம்.

செக்பொயின்டில ஆமிக்காரன் பார்சலை அமுக்கினான். விரலெல்லாம் பருப்பு. "சீ! யன்ன, யன்ன!" எண்டு கலைச்சு விட்டான்.

ஒஃபிசில பிரிச்சா, சோதிலிங்கத்துக்குப் பாதி உயிர் போச்சு. அலவத்துகொட மேடு முழுக்க மஞ்சள்! துடைச்சான். அது இன்னும் வடிவா வட்டமா வந்திட்டுது.

டிரெக்டருக்குத் தடிமன், மூக்கடைப்பு. மணம் பிடிபடேல்ல. "அட, முடிவே எடுத்திட்டீரே! நல்ல காணி," எண்டு கையெழுத்தைப் போட்டார்.

"சேர், அது... பருப்பு..."

"சாப்பாட்டைப் பிறகு பாப்பம் ஐசே!"

பின்னேரம் ஓடி வந்தவன் குசினி வாசலில நிண்டு கண்கலங்கிப் போனான். "ராத்தா, அண்டைக்கு உயிரைத் தந்தீங்கள். இண்டைக்கு நான் செய்ய ஏலாம நிண்டதை உங்கட பருப்புச் செய்துபோட்டுது. எப்பிடி நன்றி சொல்லுறது?"

"எல எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கும் தம்பி," எண்டு சகீனா அடுப்பை ஊதினா.

கதிரையில இருந்த ஹாஷிமுக்குப் பொறுக்கேல்ல. "எங்க கிழிஞ்ச? எலய நம்மட எடத்துக்கு நேரா வெச்சுக் கத்தியால ஓட்ட போட்டது அவ. மாப்பப் புடிச்சது நான்!"