சகலை பக்கம் திரும்பிய இரண்டு மைக்குகள்

என் அக்கா பெற்ற ஒலிப்பதிவு மேதையும், என் இன்றைய துன்பங்கள் அனைத்துக்கும் மூலகாரணமுமான அருமை மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் தபால்தலை ஒட்டிப் பொய் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை, இரத்த அழுத்தம் மட்டும் மொட்டைமாடியைத் தாண்டி மேகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள். பிறருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்கள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதைத் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். சொல்லலாம். ஆனால் நான் சமையலறையில் மூச்சுவிட்டால் மூன்றாவது அறையில் இருந்துகொண்டு "எதுக்கு இப்பப் பெருமூச்சு?" என்று கேட்கும் காது உன் அத்தைக்கு. ஆகவே விரைவுத் தபால்.

விஷயம் உனக்குப் பாதி தெரியும், மீதியைச் சொல்கிறேன். உன் அத்தையின் சேர்ந்திசைக் குழுவில் அவளையும் சேர்த்துப் பதினொரு பெண்கள். தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரம்மா, வரி அலுவலகத்து அம்மா, இப்படி ஊரில் எவர் முன்னால் நின்றாலும் நமக்கு லேசாக வியர்க்குமோ அவர்கள் அனைவரும் அதில் இருக்கிறார்கள். நூலகத்தின் வாசிப்பறையில் எட்டு மாதம் பயிற்சி. வானொலிக்காரர்கள் நாடு முழுக்கத் தேடிப் பத்துக் குழுக்களை ஒலிபரப்புக்கு எடுக்கப் போகிறார்கள்: பார்வையாளர் முன்னால் நேரடியாகப் பாட வேண்டும், இரண்டே மைக், ஸ்டீரியோப் பதிவு, வெட்டுவேலை ஒட்டுவேலை எதுவும் கூடாது, பதிவு வரும் திங்கள் நடுப்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். இதில் தேர்வாகாவிட்டால் வாசிப்பறையைச் சதுரங்கக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவதாக நூலகர் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. சதுரங்கம் ஆடுபவர்கள் உச்சஸ்தாயிக்குப் போவதில்லை. அந்த அறை போனால் குழு போயிற்று. பேருந்தில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, "டிக்கெட்டை எடுங்க" என்ற ஒரே வரியை மட்டும் உரக்கச் சொல்லி ஓய்வுபெற்ற உன் அத்தை, வாழ்க்கையில் முதல்முறையாக நாலு வரி தனியாகப் பாட வேண்டிய பாட்டு அது. மைக் வாங்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, அந்த அறையில் பதினொரு பெண்களும் ஒரு முட்டாளும் இருந்தோம். கை தூக்கியது யார் என்று நீயே ஊகித்துக்கொள்.

உன்னிடம் கேட்டேன். நீ நாலே வரியில் பதில் போட்டாய்: "மாமா, கண்டென்சர் மைக் ரெண்டு வாங்குங்க. ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும். பென்சில் மாதிரி ஒல்லியா இருக்கிறதே போதும், விலை கம்மியிலேயே நல்லது கிடைக்கும். முன்னாடி கேக்கும், பின்னாடி கேக்காது, அந்த வகை." நாலு வரியில் முடிகிற விஷயத்தை நம்புவதற்கு நான் என்ன குழந்தையா? இணையத்தில் இறங்கினேன். மூன்று வாரம் கரையேறவில்லை. அங்கே ஒரே விலையுள்ள இரண்டு மைக்குகளைப் பற்றி நானூறு ஆண்கள் ஆறு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இதன் ஒலி பட்டு மாதிரி என்கிறார், அடுத்தவர் அது பட்டில்லை, சணல் என்கிறார், மூன்றாமவர் பதினேழு பக்கத்துக்கு வரைபடம் போட்டு முதலிருவரின் பிறப்பையே சந்தேகிக்கிறார். நானூறு பேரில் ஒருவராவது ஒரு பாட்டைப் பதிவு செய்ததாக எங்கும் தகவல் இல்லை. மாவரைக்கும் இயந்திரத்தின் அழகைப் பற்றி ஆறு வருடம் பேசிவிட்டுப் பட்டினியாகப் படுக்கிறவர்கள். படிக்கப் படிக்க எனக்கும் அந்த ஞானம் ஏறி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மியதற்கு "நடுப்பகுதி கொஞ்சம் தடிச்சிருக்கு" என்று அபிப்பிராயம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பிறகு கடைக்குப் போனேன். தனியாகப் போயிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. கூட வந்தவர் என் சகலை, அதாவது உன் அத்தையின் தங்கை கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், உலகிலேயே மிக விலையுயர்ந்த மைக்கை வாங்கி அதில் இன்றுவரை "ஹலோ, ஹலோ" என்பதைத் தவிர வேறெதையும் பதிவு செய்யாதவர். விற்பனையாளர் நீ சொன்ன பென்சில் ஜோடியை எடுத்து வைத்தார். சகலை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சகலை, இதை வச்சுக் காது குடையலாம் போல இருக்கே?"

"சார், இது கேக்கிறதுக்கு சார், பாக்கிறதுக்கு இல்ல," என்றார் விற்பனையாளர்.

"முன் வரிசையில உக்கார்ந்து நாங்க பாக்கத்தானே போறோம்?" என்றார் சகலை.

மருமகனே, ஒரு மனிதனின் மானம் இருக்கிறதே, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. "இதே விலையில வேற என்ன இருக்கு?" என்றேன். வந்தது பார், இரண்டு சாம்ராஜ்யங்கள்! சொம்பு கனம், வெள்ளி வலை, நடு மார்பில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை. சக்கரவர்த்தி முன்னால் நின்று பாடினால் குரலே கைகட்டி நிற்கும். விலை அதே மலிவு, தோற்றம் மட்டும் அரண்மனை. விற்பனையாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், "சார், இதுல முத்திரை இருக்கிற பக்கம்தான்..." என்று. "எங்களுக்குத் தெரியாதா?" என்று சகலையும் நானும் ஒரே குரலில் சொன்னோம். இருபது வருடத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் சோதனை செய்தோம். ஒரு சத்தமும் இல்லை. கத்தினேன், தட்டினேன், குலுக்கினேன், உன்னைத் திட்டினேன். இந்த வகை மைக்குக்கு ரெக்கார்டரிலிருந்து மின்சாரம் ஊட்ட வேண்டும், அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு என்பதை இரண்டாம் நாள் உன் அத்தைதான் போகிற போக்கில் அழுத்திவிட்டுப் போனாள். அழுத்தியதும் கேட்டது பார்! குளிர்பெட்டியின் உறுமல், தெருவில் போகிறவரின் செருப்பு, கொடியில் துணி காய்வது. இவ்வளவு கூர்மையான காதை எதை நோக்கித் திருப்புகிறோம் என்று அப்போதே ஒரு பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வாசிப்பறையில் கச்சேரி. பாடுபவர்களுக்கும் முன் வரிசைக்கும் நடுவில் இரண்டு மைக்கையும் நானே என் கையால் நிறுத்தினேன், நிறுத்திவிட்டுப் பார்த்தால் தங்க முத்திரை இரண்டும் பாடுபவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகலைக்கு மைக்கின் மொட்டை முதுகு மட்டும்தான் தெரிகிறது, இதற்காகவா மூன்று வாரம் தூங்காமல் ஆராய்ந்தேன் என்று தோன்ற, இரண்டையும் பிடித்து அழகாகச் சகலை பக்கம் திருப்பி வைத்துவிட்டு, துண்டால் ஒரு முறை துடைத்துவிட்டு, போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முத்திரை இருக்கிற பக்கம்தான் மைக்கின் முகம் என்பதையும், நீ எழுதிய "முன்னாடி கேக்கும், பின்னாடி கேக்காது" என்பதற்கு அதுதான் பொருள் என்பதையும் அன்று இரவுக்குள் அறிந்துகொண்டேன். அறிவு எனக்குத் தாமதமாக வந்தாலும் முழுமையாக வரும்.

பதிவு எப்படி இருக்கிறது என்றா கேட்கிறாய்? அற்புதம். இப்படிப்பட்ட ஸ்டீரியோ உலகத்தில் இல்லை. இடப்பக்கம் சகலை, வலப்பக்கம் நான். சகலை மிட்டாய்த் தாளைப் பிரிக்கும்போது அந்தத் தாளின் நிறம் தெரிகிறது. வெகு தூரத்தில், மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள், பதினொரு பெண்கள் ஏதோ காரணத்துக்காக வருத்தப்படுவது போல ஒரு சத்தம். அதற்கு மேலே, ஒவ்வோர் எழுத்தும் பளிங்கு மாதிரி, எங்கள் உரையாடல்.

"மூணாவதா நிக்கிறவங்க வாயை மட்டும்தான் திறக்கிறாங்க, கவனிச்சீங்களா?"

"அவங்க வரி ஆபீஸ் சகலை. கொடுத்துப் பழக்கம் இல்ல, வாங்கித்தான் பழக்கம்."

"தையல்காரம்மா மேல போயிட்டாங்க, யாராவது ஏணி எடுத்துட்டுப் போங்கய்யா."

"மருந்துக்கடைக்காரம்மா பாட்டு எப்படி?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கேட்டா சரியாயிடும்."

இதில் ஏணி என்னுடையது, மருந்தும் என்னுடையது, வரி சகலையுடையது. அவர் இல்லையென்று மறுத்தாலும் இடப்பக்கம் வலப்பக்கம் பிரித்துத் தெளிவாகச் சாட்சி சொல்கிறது உன் கண்டென்சர். இதை வானொலிக்கு அனுப்பினால் குழுவுக்கு அறை போகும். பதினொரு பேருக்குப் போட்டுக் காட்டினால் எனக்கு உயிர் போகும். ஆகவே, "ஒலி இன்னும் ஆறவில்லை, கண்டென்சர் பதிவு என்பது கொதித்த பால் மாதிரி, ஏடு படிய ஒரு வாரம் விட வேண்டும், நடுவில் கேட்டால் திரிந்துவிடும்" என்று சொல்லி ரெக்கார்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள்! தினம் ஒருவர் வீடு தேடி வந்து பயபக்தியோடு விசாரிக்கிறார்கள். "அண்ணே, ஆறிடுச்சா?" என்று மருந்துக்கடைக்காரம்மா. "விசிறி கொண்டு வரட்டுமா சார்?" என்று வரி அலுவலகம். தையல்காரம்மா அலமாரியைத் தொட்டுப் பார்த்து "இன்னும் இளஞ்சூடு இருக்கு" என்றே சொல்லிவிட்டார். இவ்வளவு வெள்ளை மனசுக்காரர்களையா கேலி செய்தோம் என்று நானே எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சகலை மட்டும் குற்ற உணர்வில் நேற்று என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, இரண்டரை மணி நேரம் இலவசமாகக் கண் பரிசோதனை செய்தார். ஒரே எழுத்தை நாற்பது தடவை படிக்கச் சொன்னார். பாவம், மனுஷன் நிலைகுலைந்துதான் போயிருக்கிறார்.

இனி உன் கடமை. உன் ஒலிப்பதிவுக்கூடத்தின் பெயர் அச்சடித்த தாளில், முத்திரை குத்தி, "இன்ன ஜோடி மைக்குகளைப் பரிசோதித்தேன், தொழிற்சாலையிலேயே முகமும் முதுகும் இடம்மாறிப் பொருத்தப்பட்டுள்ளன, அவற்றை நிறுத்தியவர் குற்றமற்றவர், சொல்லப்போனால் மேதை" என்று ஒரு சான்றிதழ் எழுதி, சனிக்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்பு. மறுத்தால் உனக்குத் தாய்மாமன் இல்லை என்று எழுதி வைத்துக்கொள். அதற்கும் ஒரு முத்திரை குத்திக்கொள்.

உன் வீட்டில் பாலும் பேச்சும் பொங்கட்டும். உன் குழந்தை எல்லாக் கலைகளிலும் சிறந்து, மைக் என்ற சொல்லை மட்டும் அறியாமல் நூறாண்டு வாழட்டும். அக்காவுக்கு என் வணக்கம். உன் அத்தை தபால் நிலையம் பக்கம் போகிறாளாம், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கவலைப்படாதே, உறைக்கு இரண்டு தடவை பசை போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மைக்குகளால் முதுகில் குத்தப்பட்ட
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: மருமகனுக்கு அத்தை எழுதுவது. பசை ஈரமாக இருந்தது. உன் மாமா பூட்டிய அலமாரிக்கு என்னிடமும் ஒரு சாவி உண்டு. திங்கட்கிழமை காலை அவர் குளிக்கப் போனபோதே கேட்டுவிட்டேன், பத்து மணிக்குள் பதினொரு பேரும் கேட்டாயிற்று. மைக் பெட்டிக்குள் இருந்த தாளில் முத்திரை பாடுபவரைப் பார்க்க வேண்டும் என்று படமே போட்டிருந்தது. நேற்று அவரைக் கண்ணாடிக் கடையில் பிடித்து வைத்திருக்கச் சொன்னது நான்தான். சகலை எப்போதோ எங்கள் பக்கம் வந்துவிட்டார். அந்த இரண்டரை மணி நேரத்தில் மைக்கைத் திருப்பி வைத்து மறுபடியும் பாடினோம். பார்வையாளர்களாகச் சதுரங்கக் கழகத்தாரைக் கூப்பிட்டோம், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தார்கள். மைக் மலிவானாலும் நல்ல மைக்தான். பதிவு நேற்றே இணையம் வழியாக வானொலிக்குப் போய், கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது.

மாமா உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் நான் தனியாகப் பாடும் நாலு வரி வரும்போது, "மிட்டாயை மூடுங்க சகலை, அவ பாடுறா" என்று அதட்டுகிறார். அதன் பிறகு நாலு வரிக்கும் பேச்சே இல்லை. அதற்காகத்தான் இன்னும் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் ஏணியும் மருந்தும் கணக்குத் தீராமல் இருக்கின்றன. ஆகவே திங்கள் நடுப்பகல்வரை அவரிடம் எதுவும் சொல்லாதே. அவர் முகத்தைப் பார்க்க எங்கள் குழுவில் முறை வைத்து வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை மட்டும் அவர் கேட்டபடியே, மேதை என்ற சொல்லோடு, தவறாமல் அனுப்பு. திங்களன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அவரே உரக்கப் படிப்பார். இரண்டு மைக்கையும் இந்தத் தடவை அவர் பக்கம் திருப்பி வைத்திருப்பேன்.