வாய்க்காலுக்கு ஒரு சொரி

கல்முனை வாய்க்கால் பராமரிப்புக் கந்தோருக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. உத்தியோகத்தர்கள் பொதுமக்கள்மீது எரிந்து விழுவதாக முறைப்பாடுகள் மலிந்துவிட்டமையால், நாகரிக உலகின் அன்றாட ஆங்கில உரையாடல் மரபைச் சகலரும் உடனடியாகக் கைக்கொள்ள வேண்டும் என்று அது பணித்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படித்தால் உத்தியோகத்தர்களின் உடல்நலம் கெட்டுவிடும் அல்லவா? ஆகவே முதற்கட்டமாக, மன்னிப்புக் கேட்கும் ‘சொரி’ என்ற ஒரு சொல் மட்டும் அமுலுக்கு வந்தது.

அந்த ஒரு சொல் கந்தோரைக் காப்பாற்றிவிட்டது. முன்பெல்லாம் ஒரு வேலையைச் செய்யாமல் விடுவதற்கு அவர்கள் படாத பாடு படவேண்டும். சேர் மீட்டிங்கில் இருக்கிறார், சாவியைக் காணவில்லை, கரண்ட் இல்லை என்று நாளுக்கொரு பொய் தேடவேண்டும். இப்போது எழுந்து நின்று ‘சொரி’ என்றால் போதும். ஒரேயொரு சிக்கல்தான். சனங்களுக்கு மறுமொழி தெரியவில்லை. “சரி, வேலை எப்ப நடக்கும்?” என்று கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஆகவே பொதுமக்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். யாராவது ‘சொரி’ என்றால் ‘இட்ஸ் ஓகே’ என்று சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் ‘சுமுகமாகத் தீர்க்கப்பட்டது’ என்று கோப்பில் முத்திரை விழும். வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாதவர் கந்தோர்ப் படியேற முடியாது.

வரிப்பத்தான்சேனை ஸைனுலாப்தீன் அந்த வகுப்புக்குப் போனது இங்கிலீசில் ஆசை வந்து அல்ல. அவருடைய வயல் வட்டைக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் விடும் மதகான துருசின் கதவு துருவேறி இறுகிப்போய்க் கிடந்தது. நெல் வேளாண்மையோ கதிரைப் பொதிந்து நிற்கும் குடலைப் பருவத்துக்கு வந்து நின்றது. இந்த நேரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் வருவது கதிரல்ல, பதர். மனிதர் வகுப்பறை வாங்கில் போய் உட்கார்ந்தார். படிப்பித்த நல்லரெத்தினம் மாஸ்டர் செயல்முறைப் பயிற்சியில் நம்பிக்கை உள்ளவர். ஒவ்வொருவரின் காலையும் மிதித்து ‘சொரி’ என்பார். மிதிபட்டவர் முகம் கோணாமல் ‘இட்ஸ் ஓகே’ என்று சொல்ல வேண்டும். ஸைனுலாப்தீன் முதல்தரம் “அல்லாஹ்வே!” என்று கத்தி பெயிலானார். அடுத்த தரம் பாஸ்.

சான்றிதழோடு கந்தோருக்குப் போனார். பொறுப்பதிகாரி பர்ஹான் சேர் இருந்தார்.

“சொல்லுங்க காக்கா” என்றார், அண்ணனிடம் பேசும் பணிவோடு.

“துருசு இறுகிப் போச்சு சேர். குடலை வேளாண்மை காயுது. கெதியாத் திறந்து தாங்க.”

பர்ஹான் சேர் எழுந்தார். சட்டைப் பொத்தானைப் பூட்டினார். நெஞ்சில் கை வைத்தார். “சொரி காக்கா.”

தேன் சொட்டிய சொரி அது. வரிசையில் நின்றவர்கள் சொக்கிப்போனார்கள். ஸைனுலாப்தீன் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டார்.

“காக்கா, மறுமொழி?”

“சொல்ல மாட்டன் சேர். சொன்னா கதை முடிஞ்சிரும்.”

“வெரி சொரி.”

“ம்ஹூம்.”

“அப்ப இந்தக் கோப்ப நான் எப்பிடி மூடுற?”

“துருசத் திறங்க. கோப்பு தானா மூடும்.”

வரிசைக்குப் பொறுக்கவில்லை. “என்ன மனிசன் இவர்! எவ்வளவு பெரிய சேர் எழும்பி நிண்டு சொல்றார். ஒரு ஓகே சொன்னா வாய் தேஞ்சிருமா?” என்றது. “சான்றிதழப் பறிங்க சேர்” என்றும் ஒரு குரல் வந்தது.

பர்ஹான் சேர் கோபப்படவில்லை. கோபப்படுவது சுற்றுநிருபத்துக்கு முரண். மேசையைச் சுற்றி வந்து, ஸைனுலாப்தீனின் தோளில் அன்போடு கை போட்டு, சப்பாத்துக் காலால் அவர் பெருவிரலை ஒரு மிதி மிதித்தார்.

“ஓ, சொரி!”

“இட்ஸ் ஓகே!” என்றது ஸைனுலாப்தீனின் வாய்.

முத்திரை விழுந்தது. வரிசை கைதட்டியது.

“சேர், அது கால மிதிச்சதுக்கு!” என்று அவர் பதறினார்.

“எந்தச் சொரிக்கு எந்த ஓகே எண்டு பிரிக்கிறது இரண்டாங் கட்டப் படிப்பு காக்கா. அது அடுத்த வருசம்.”

நொண்டிக்கொண்டு வரம்புக்கு வந்தவரிடம் மனைவி பாத்தும்மா கேட்டார். “தண்ணி எங்க?”

“சேர் சொரி சொன்னார்.”

“அந்தச் சொரியக் கொண்டுபோய் வாய்க்காலுக்குள்ள ஊத்துங்க. வரம்பு நனையுதா பாப்பம்.”

பாத்தும்மா வகுப்புக்குப் போகாதவர். ஆகவே அவருக்கு அலவாங்கைத் தூக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, அயல் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கடப்பாரையால் துருசுக் கதவை நெம்பினார். கதவு முனகியது, அசைந்தது, கழன்று விழுந்தது. தண்ணீர் பாய்ந்து வருவதைப் பார்த்து ஸைனுலாப்தீன் வெட்கமில்லாமல் அழுதார். வாய்க்கால் நீளமானது, விடியும்போது அவர் வயலில் பாதிதான் நனைந்திருந்தது.

காலையில் ஜீப் வந்தது. பின்னால் லொறி. லொறியில் மேசன், வெல்டர், சீமெந்து, புத்தம்புது இரும்புக் கதவு. போகம் முழுக்கக் கேட்டும் வராத அத்தனையும் ஒரே காலையில் வந்து இறங்கியதை ஊர் வாய்பிளந்து பார்த்தது.

“அரச சொத்துக்குச் சேதம்! ஆர் உடைச்ச?” என்றார் பர்ஹான் சேர்.

“நான்தான்” என்றார் பாத்தும்மா.

“ஒரு சொரி சொல்லுங்க ராத்தா. விட்டுருவம்.”

“வயலுக்குத் தண்ணி விட்டதுக்கு என்னத்துக்குச் சொரி?”

சொரி சொல்ல மறுப்பவரை என்ன செய்வதென்று சுற்றுநிருபத்தில் இல்லை. ஆகவே அலவாங்கை மட்டும் கைதுசெய்து ஜீப்பில் ஏற்றினார்கள். நண்பகலாவதற்குள் புதுக் கதவு பூட்டியாயிற்று. பச்சைப் பெயின்ட், பெரிய ஆமைப்பூட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

“இனித் திறங்க சேர்” என்றார் ஸைனுலாப்தீன்.

“கதவுக்குத்தான் அனுமதி வந்திரிக்கி. திறக்கிறதுக்கு இன்னும் வரல்ல.” பர்ஹான் சேர் ஊரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். “எல்லாருக்கும் சொரி.”

“இட்ஸ் ஓகே!” என்றது ஊர், ஒரே குரலில். ஸைனுலாப்தீனின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

பாத்தும்மா கணவரையும், பாதி காய்ந்து கிடந்த வேளாண்மையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாஸ்டர் நல்லாத்தான் படிப்பிச்சிரிக்கார்” என்றார்.