பதினோரு விதைக் கருவிகள்

ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே உள்ள மொட்டைக் கரட்டுக் குன்றை மறுபடியும் காடாக்குவது என்று 1959-ஆம் வருஷம் சித்திரையில் முடிவாயிற்று. வன இலாகா உத்தரவு தெளிவாகவே இருந்தது. நாட்டு மரங்களையே நட வேண்டும். விதைகள் நல்ல தாய்மரங்களில் எடுத்த தரமான விதைகளாக இருக்க வேண்டும். ஆடுகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

ரேஞ்சர் பொன்னுத்துரை மூன்றில் எளிதானதை முதலில் நிறைவேற்றினார். கரட்டடியில் நல்ல கருவேல மரங்களாகப் பார்த்து எண் போட்டிருந்தார்கள். ஏழாம் எண் மரத்தடியில் உதிர்ந்த நெற்றுகளைத் தின்றுகொண்டிருந்த சிவனம்மாளின் பதினோரு ஆடுகளும் பிடிபட்டு, ஆபீசுக்குப் பின்னால் கொட்டகையில் அடைபட்டன. அவளுக்கு அவற்றைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. தினமும் மூன்று மைல் நடந்து வந்து அவை தின்னக் குழை ஒடித்துப் போட்டாள்.

"எப்பய்யா அவுத்து விடுவீக?"

"விசாரணை நடக்குதும்மா."

"யாரை விசாரிக்கிறீக? ஆட்டையா?"

இதற்கிடையே விதை வேலையும் நடந்தது. நெற்றுகளைப் பறித்து, உடைத்து, கொட்டைகளைச் சலித்து, ஒரே அளவாகப் பொறுக்கி, மண்தொட்டிகளில் ஊன்றினார்கள். தொட்டிக்கொரு நம்பர். நாற்பது நாள் தண்ணீர் விட்ட பிறகும் நம்பர்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. ஆடிக் கடைசியில் மரம் நடு விழா. ஜில்லா அதிகாரி வருகிறார். ஆயிரம் கன்று வேண்டும்.

ஒரு மழை பெய்தது. கொட்டகை வாசலில் கூட்டித் தள்ளிய குப்பையில் கருவேலங்கன்றுகள் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றன.

"இதை யார் நட்டது?" என்றார் ரேஞ்சர்.

"ஒருத்தரும் நடலைங்கய்யா" என்றாள் குழையோடு வந்த சிவனம்மாள். "ஆடு அசைபோடுறப்ப துப்புன கொட்டை. வயித்துல ஊறுனாத்தான் அந்தத் தோலு இளகும். எங்க ஊர்ல வேலிக்கு விதைக்க ஆட்டுக் கிடையிலதான் பொறுக்குவோம்."

ரேஞ்சர் மகிழ்ந்தார். குமாஸ்தா சடையாண்டி மகிழவில்லை.

"சார், 'விதை எதில் பதப்படுத்தப்பட்டது'ன்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கு. ஆடுன்னு எழுத முடியாது. ஆடு காட்டுக்கு விரோதின்னு போன மாசம் நாமதான் எழுதி அனுப்பியிருக்கோம்."

ரேஞ்சர் யோசித்தார். "கருவின்னு எழுதும்."

"என்ன கருவி சார்?"

"நாலு கால் உள்ளது. எண்ணிக்கை பதினொன்று."

எந்த நெற்றைத் தின்றதற்காக ஆடுகள் பிடிபட்டனவோ, அதே நெற்றைச் சர்க்கார் ஆட்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்து அவற்றுக்கு ஊட்டினார்கள்.

"அதான் குத்தமில்லேன்னு ஆயிருச்சே. பத்திக்கிட்டுப் போறேன்" என்றாள் சிவனம்மாள்.

"குற்றவாளியா இருந்தப்பவே கூட்டிப் போயிருக்கணும்" என்றார் சடையாண்டி. "இப்ப அது சர்க்கார் தளவாடம்."

"தளவாடம் குழை திங்குமா சாமி?"

"திங்காது. அதனாலதான் குழைக்கு நாங்க ஏற்பாடு பண்ண முடியலை. நீயே கொண்டு வா."

ஆனியில் ஒரு தளவாடம் இரண்டு குட்டி போட்டது. ஆபீசில் இரண்டு நாள் வேறு வேலை நடக்கவில்லை. தளவாடம் குறைந்தால் எப்படி விளக்கம் எழுதுவது என்று எல்லோருக்கும் தெரியும். கூடினால் எழுதிப் பழக்கமில்லை. கடைசியில் 'உதிரி பாகங்கள், இரண்டு' என்று பதிந்தார்கள்.

விழாவுக்கு வந்த ஜில்லா அதிகாரி ஆயிரம் கன்றுகளையும் பார்த்து வியந்தார்.

"கருவி எந்த தேசத்து மாடல்?"

"உள்ளூர்தான் சார்" என்று ரேஞ்சர் கொட்டகையைத் திறந்தார்.

ஒரு கருவி தும்மியது. அதிகாரி எதுவும் சொல்வதற்குள் சிவனம்மாள் அவர் காலில் விழுந்துவிட்டாள். "என் ஆட்டைக் குடுத்துருங்கய்யா."

அதிகாரி இரக்கமுள்ளவர். வெகுநேரம் யோசித்தார். "ஆட்டை உன்னிடம் ஒப்படைக்க விதியில்லை" என்றார். "உன்னை ஆட்டிடம் ஒப்படைக்கலாம்."

அப்படித்தான் சிவனம்மாள் தற்காலிகக் கருவிக் காப்பாளர் ஆனாள். காக்கிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அடுத்த வருஷத்துக்கு ஒரு லட்சம் கன்று என்று தீர்மானமானதால், தாய்மரங்களை நெருங்கும் எந்த ஆட்டையும் பிடிக்கும் அதிகாரமும் கொடுத்தார்கள்.

மறு வருஷம் நெற்று உதிரத் தொடங்கிய முதல் வாரத்தில், முன்பு அவளோடு சேர்ந்து மேய்த்த மாயம்மாளின் ஆறு ஆடுகள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. மாயம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏண்டி, நீதான் பிடிச்சேன்னாக. நான் நம்பலை."

"நாந்தான். மரத்துக்கிட்ட வந்துச்சு."

"அஞ்சு வருசம் ஒண்ணாத்தானேடி அந்த மரத்தடியில மேய்ச்சோம்?"

"அப்ப மரத்துக்கு நம்பர் இல்லையே" என்றாள் சிவனம்மாள், சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே.

மாயம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். சிவனம்மாளின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு ஏசினாள். பிறகு கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதாள். பொழுது சாய்ந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிவனம்மாளின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"துணி நல்ல கெட்டி" என்றாள். "இன்னொரு ஆளு எடுப்பாகளா?"