ஒரு ரயிலும் பதினொரு கல்யாணங்களும்

முதலில் ஒரு விடுகதை.

தண்டவாளம் வேண்டாம். டீசல் வேண்டாம். டிக்கெட்டும் வேண்டாம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தையே காலி செய்து கொடுக்கச் சொல்லும். அது என்ன ரயில்?

தெரியவில்லையா? போன வாரம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

வேலை ரொம்பச் சின்னது. என் தம்பி மகள் மதுவுக்கு, ராஜபாளையத்தில் என் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ரயில் விளையாட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரயில் ஓட்டும் விளையாட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது. பெட்டிகள் தீப்பெட்டி அடுக்கியது போல இருக்கும். எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இன்னொன்று பெரியது. அதில் பயணிகளின் செருப்பு வார் கூடத் தெரியும்.

"சின்னதே போதும்ல?" என்று கேட்டேன்.

"சின்னது அனிதா வீட்டுல ஓடுது அத்தை. எங்க அத்தை வீட்டுல பெருசு ஓடும்னு நான் கிளாஸ்ல சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்கதான் எதுக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டீங்களே."

அதோடு விடவில்லை. அனிதாவையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள். பெரிய ரயில் ஓடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து தன் பெயர் என்னவாகும் என்பதையும் அவளே சொன்னாள்.

"புளுகுமூட்டை."

மூன்றாம் வகுப்பில் ஒட்டிய பெயர் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

பெரிய விளையாட்டு ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தேன். இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். குறைந்தபட்சத் தேவை என்று ஒன்று. பரிந்துரைக்கும் தேவை என்று ஒன்று. முதல் வரிசையில் எட்டு ஜிபி ராம். இரண்டாவதில் பதினாறு. என்னிடம் எட்டு இருந்தது.

ஒரு பத்திரிகையின் குழந்தைகள் பக்கத்தில் 'ஆறு வித்தியாசங்கள்' போட்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதல் வரிசையை வரிவரியாக என் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டேன். பாஸ்!

தம்பி சேகர் மில்லில் எலக்ட்ரீசியன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, மொதல் வரிசைய நம்பாத. பொண்ணு பாக்க வாரவிய, 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறதச் செய்யுங்க'ன்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரி. ரெண்டாவது வரிசையிலதான் அவிய மனசுல உள்ளது இருக்கு."

நான் கேட்கவில்லை. அச்சில் வந்ததை நம்பியே வாழ்ந்தவள்.

ஒரே ஒரு வரி மட்டும் இடித்தது. காலி இடம், அறுபது ஜிபி. என்னிடம் இருந்தது நாலு.

மீதி இடம் எங்கே போனது என்றால், கல்யாணங்களுக்கு. எங்கள் சொந்தத்தில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது நான். அதனால் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் வீடியோவை என்னிடம் கொண்டுவந்து, "ஒரு காப்பி உங்கிட்ட கெடக்கட்டும்" என்பார்கள். கிடந்தன. பதினொரு கல்யாணங்கள்.

சத்தம் போடாமல் இரண்டை அழித்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு வீட்டுக் கல்யாணத்தை அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அழிப்பது மரியாதையா? பட்டியலில் முதலில் இருந்தது சுந்தரபாண்டியத்துச் சித்தி மகன் குமாரின் கல்யாணம். சித்திக்குப் போன் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

"சித்தி, நம்ம குமார் கல்யாணம் என் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அதை அழிச்சிரலாமான்னு..."



"ஏட்டி! அவன் பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போயி, போன மாசந்தான் திரும்பி வந்திருக்கா. இப்பப் போயி கல்யாணத்த அழிக்கேங்கிற?"

"கல்யாணத்தை இல்ல சித்தி, வீடியோவை."

"எதுக்கு அழிக்க?"

"ரயில் விட."

"எந்த ஊருக்கு?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாக, எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பம் தளவாய்புரத்து அண்ணன் மக கல்யாணத்த அழி. அந்த மாப்பிள்ளை எவங்கிட்டயும் முகங்குடுத்துப் பேசுறதில்ல."

போனை வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. தளவாய்புரத்து மாமா. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன்.

"மருமவளே, என் மக கல்யாணத்த அழிச்சிட்டு ரயில் விடுதியாமே?"

மத்தியானத்துக்குள் பதினொரு வீட்டிலிருந்தும் பேசிவிட்டார்கள். தங்கள் வீட்டுக் கல்யாணத்தை அழிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. அடுத்த வீட்டுக் கல்யாணத்தை அழிக்க எல்லோரும் சம்மதித்தார்கள்.

வேறு வழியில்லை. கல்யாணங்களை இடம் மாற்ற ஒரு தனி ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கடைக்காரத் தம்பி தன்மையாகத்தான் கேட்டார்.

"எதுக்கு மேடம், ஆபீஸ் வேலைக்கா?"

"இல்ல தம்பி. கல்யாணத்தை எல்லாம் இதுக்கு மாத்தணும்."

"மண்டபம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல, என் தம்பி மகளுக்காக."

"அவங்களுக்குக் கல்யாணமா மேடம்? சந்தோஷம்."

"ஐயோ, அவளுக்கு எட்டு வயசு!"

பிரிண்டருக்கு மை வாங்க வந்திருந்த ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் வக்கீல். நீங்க செய்யப் போறது சட்டப்படி குத்தம்."

அவருக்கு ரயிலை விளக்கினேன். கடைக்காரருக்குக் கல்யாணங்களை விளக்கினேன். இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் நான் கடையை விட்டு இறங்கும்போது வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் முழு நம்பிக்கை இல்லை. பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மாமா வாசலில் நின்றார். பின்னாலேயே ஒரு ஆட்டோ. அதிலிருந்து சித்தி.

"நீ பாட்டுக்கு மாத்துறேன்னு சொல்லி எங்கனயாச்சும் தவறவிட்டுட்டா? பக்கத்துல இருந்து பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாள் சித்தி.

கல்யாணங்கள் ஒவ்வொன்றாக டிஸ்க்குக்கு நகர ஆரம்பித்தன. குமார் கல்யாணம் போய்ச் சேர்ந்ததும் சித்தி விடவில்லை.

"சேந்துருச்சான்னு எப்படித் தெரியும்? போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் வரை பார்த்துவிட்டு நிறுத்தப் போனேன். "சாப்பாடு வரட்டும்ட்டி" என்றாள். சாப்பாடும் வந்தது. வீடியோக்காரர் முதல் பந்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக எடுத்திருந்தார்.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"இதுல நான் எங்க?"

முதல் பந்தியில் அவர் இல்லை. இரண்டாவது பந்தி வந்தது. மூலையில், இலைக்கு முன்னால், மாமா.

"பாத்தியா! பாத்தியா! தாய்மாமன ரெண்டாவது பந்தியில ஒக்கார வச்சீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன். மொத பந்தியிலதான் ஒக்காந்தீங்கன்னு இம்புட்டு வருசமா சாதிச்சியே! இந்தா, சாட்சி!"

சித்தி திரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அதை அழிச்சிரு."

"அழிக்கக் கூடாது!" என்றார் மாமா. "மருமவளே, அழிச்சேன்னு வையி, இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"அழிக்கலைன்னா நான் மிதிக்க மாட்டேன்."

காப்பாற்ற வந்தவள் அழிக்கச் சொன்னாள். குமார் கல்யாணம் அழிந்தால் என்ன என்று முந்தின நாள் போனில் கேட்டவர் காவல் காத்தார். மாமா அத்தோடு நிற்கவில்லை. பதினொன்றும் ஏறி முடிந்த அடுத்த நொடி டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்."

சண்டை போட்டுக்கொண்டே என் கம்ப்யூட்டரைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள். நான் அவசரமாகப் பெரிய ரயிலை ஏற்றினேன்.

ஓடியது. எப்படி ஓடியது என்றால், ஒரு படம், ஒரு பெருமூச்சு, இன்னொரு படம். கம்ப்யூட்டரின் ஃபேன் மட்டும் பேய்ச் சத்தம் போட்டது. அடுப்படியில் இருந்த சித்தி, "கெளம்பிருச்சு போலுக்கே!" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான்தான் சொன்னேன்லக்கா, மொதல் வரிசைய நம்பாதன்னு" என்றான் சேகர். "காட்சியக் கொறச்சாத்தான் நகரும். எதை எடுக்கட்டும்?"

மது கண் கலங்க வாசலைப் பார்த்தாள். பிள்ளைகள் வரும் நேரம்.

"மொதல்ல மரத்த எடு" என்றார் மாமா.

மரங்கள் போயின. கொஞ்சம் நகர்ந்தது.

"பிளாட்பாரத்துல நிக்கிறவியள எடு. அவிய என்ன, மொய்யா வைக்கப் போறாங்க?"

ஆட்கள் போனார்கள், செருப்பு வாரோடு. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பந்திச் சண்டைக்கு அப்புறம் அண்ணனோடு பேசாத சித்திக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நெழலு எதுக்கு? நெழல எடுக்கச் சொல்லுங்க."

"சரியாச் சொன்ன. எடுறா சேகரு."

நிழல், மேகம், புல், தூரத்து மலை எல்லாவற்றையும் இருவரும் ஒற்றுமையாக எடுத்தார்கள். ரயில் கடைசியில் ரயில் மாதிரி ஓடியது. கைதட்டினோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அனிதா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுல ஓடுற சின்னது மாதிரியேல்ல இருக்கு?"

மதுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு வித்தியாசம் கேட்டால் என்னாலும் ஒன்று கூடச் சொல்லியிருக்க முடியாது.

மாமா தொண்டையைச் செருமினார்.

"ஏ பிள்ள, இந்த ரயிலு ஓடுறதுக்கு நாங்க பதினோரு கல்யாணத்தக் காலி பண்ணியிருக்கோம். உங்க வீட்டுல எத்தன கல்யாணத்தக் காலி பண்ணுனாங்க?"

அனிதா யோசித்தாள்.

"ஒண்ணும் பண்ணலை தாத்தா."

"அப்பம் எது பெருசு?"

"இதுதான்."

மற்ற மூன்று பிள்ளைகளும் மரியாதையோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். மதுவுக்கு மூச்சு வந்தது. எனக்கும். எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துவிட்டு, விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்து வைத்தேன். மது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் ஓட்டுநரா, பயணியா?

"டிரைவர அமுக்கு தாயி!" என்றார் மாமா.

"டிரைவர்! டிரைவர்!" என்றார்கள் பிள்ளைகள்.

மது பயணி என்பதை அமுக்கி, வெளியே வேடிக்கை பார்க்க ஜன்னலோர சீட்டைத் தேர்ந்தெடுத்தாள்.