ஓட்டுக்கு முன்னால் கட்டிய ஃப்ளெக்ஸ்

எனக்கு இதுவரை ஒரே ஒரு ஃப்ளெக்ஸ்தான் அடித்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே அடித்தார்கள். செத்த பிறகு அடித்திருந்தால் தேவலை.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. பேச்சும் அதிகம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் "சரி" என்பேன். (எனக்கு வந்த சங்கடத்தில் பாதி அந்த வார்த்தையால் வந்தது. மீதி கார்த்தியால் வந்தது.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஃபுட்பால். மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற ரோட்டில் ஒரு கண்மாய். தண்ணீர் இல்லாத மாதமெல்லாம் அதுதான் எங்கள் கிளப்புக்கு கிரவுண்டு. நான் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பதினாலு வருஷமாக அதே இடம். பந்து என்னைத் தாண்டிப் போகலாம், ஆள் போக முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கப் உண்டு. டீமில் இருக்கிறவர்களே ஓட்டுப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு. தன் பெயரைத் தானே எழுதக்கூடாது. செயலாளர் ஜபருல்லா பாய் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடிப்பார். சீட்டை அதில் போட வேண்டும். அப்புறம் மேடையில், எல்லார் குடும்பத்துக்கும் முன்னால், ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். எப்போதும் கோல் போட்டவனுக்குத்தான் கிடைக்கும். கோல் போடவிடாதவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த வருஷம் எனக்கு அந்தக் கப் தேவைப்பட்டது. காரணம் என் வீட்டுக்காரி பாண்டியம்மா.

"முப்பத்தாறு வயசாச்சு. திங்கக்கிழமையானா முட்டியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துர்றீக. எங்க அண்ணன் கடையில ஞாயித்துக்கிழமை மாவு பெசைய ஆளில்ல. அங்க போனா என்ன?"

அண்ணன் என்றால் என் மச்சான் தவசி. அதே ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்ற என் புஜத்தை அமுக்கிப் பார்த்தவர். (வாழ்த்துகிறார் என்று நினைத்தேன்.)

"இந்த வருசம் கப்பு எனக்குத்தான் வரும்" என்றேன்.

"வந்தா இன்னும் ஒரு வருசம் வெளையாடுங்க. வரலைன்னா பூட்ஸக் கழட்டிட்டு அண்ணன் கடைக்குப் போயிரணும். சரியா?"

"சரி."

இதைக் கார்த்தியிடம் சொன்னேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

கார்த்தி எங்கள் டீமில் முன்னால் நின்று கோல் போடுகிறவன். வேலை ஃப்ளெக்ஸ் கடையில். எங்களில் யார் வீட்டில் காதுகுத்து, சடங்கு, வீடு குடிபோவது என்றாலும் மறுநாள் ரோட்டில் அவன் அடித்த ஃப்ளெக்ஸ் நிற்கும். சும்மா இருக்கமாட்டான். டீமில் ஒருத்தன் விடாமல் எனக்காக ஓட்டுக் கேட்டிருக்கிறான். எல்லாரும், "செல்வம் அண்ணனுக்குத்தான் போடுவேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் பட்டறையிலிருந்து திரும்பும்போது பார்க்கிறேன். கண்மாய்க்குப் பிரிகிற பாதையில், பத்தடிக்கு ஆறடியில் நான்.

"எங்கள் இரும்புக் கோட்டையே! ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரே!" என்று போட்டிருந்தது. தலை மட்டும்தான் என்னுடையது. கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்து, மாவில் புரட்டியதுபோல வெள்ளையாக்கியிருந்தான். உடம்பு யாரோ வெளிநாட்டுக்காரனுடையது. பக்கத்தில் ஒரு புலி. எதற்கென்று தெரியவில்லை.

போன் போட்டேன்.

"மாப்ள, ஓட்டே இன்னும் போடலையேடா."

"போட்டா என்ன, போடாட்டி என்ன? அம்புட்டுப் பயலும் ஒனக்குத்தான்னு சொல்லிட்டாய்ங்க. ஓட்டு சும்மா சாங்கியத்துக்கு."

"கழட்டிருடா."

"பெவிகால் போட்டு ஒட்டலடா, கயித்துலதான் கட்டிருக்கேன். கப்ப வாங்கிட்டு நாளைக்குச் சாயங்காலம் நீயே கழட்டிக்க. சரியா?"

"சரி."

மறுநாள் மூன்று மணிக்குக் கிரவுண்டுக்குப் போனேன். முத்துராசு தனியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மினி பஸ் டிரைவர். இரண்டு வருஷமாக டீமில் இருக்கிறான். ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. வெளியே உட்கார்ந்தே இருப்பான். கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவன்தான்.

"அண்ணே, போன வருசம் எனக்கு ஒரு ஓட்டுகூட விழுகலண்ணே" என்றான்.

ஆடாதவனுக்கு எப்படி விழும்?

"இன்னைக்கு எம் பொண்டாட்டி வாராண்ணே. கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது. ஒரே ஒரு ஓட்டு விழுந்தாக்கூடப் போதும். அவ காதுல எம் பேரு ஒருக்கா கேட்டாப் போதும்ணே."

கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"சரி" என்றேன்.

எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியாது. என் ஓட்டு சும்மாதானே போகப்போகிறது. பாய் வந்ததும் முத்துராசு என்று எழுதி அவர் ஹெல்மெட்டுக்குள் போட்டேன். பெரிய மனுஷத்தனமாக இருந்தது.

ஐந்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் பாண்டியம்மா, என் மகள், மச்சான் தவசி. ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பாண்டியம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மச்சான் முகம் மட்டும் நன்றாக இல்லை.

பாய் முதல் சீட்டைப் பிரித்தார்.

"முத்துராசு."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். நான்தான் அதிகமாகத் தட்டினேன். என் சீட்டு என்று நினைத்தேன்.

"முத்துராசு."

பரவாயில்லை, இன்னொருத்தனுக்கும் இரக்கம் இருக்கிறது.

"முத்துராசு."

கை தட்டுவது குறைந்தது. நான் கார்த்தியைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

நாலாவதும் முத்துராசு. ஐந்தாவது சீட்டில் கோல்கீப்பர் சிக்கந்தர் பெயர். சிக்கந்தர் கையெழுத்து. செல்லாது. (வருஷா வருஷம் எழுதுவான், வருஷா வருஷம் தள்ளிவிடுவார்கள். டீமிலேயே விவரமான ஆள் அவன்தான் என்று இப்போது தோன்றுகிறது.) அப்புறம் முத்துராசு, முத்துராசு, முத்துராசு. ஒன்பதாவதாக ஒரு "செல்வம்" வந்தது. பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தோடு சரி. பதினைந்து சீட்டில் முத்துராசுவுக்குப் பதின்மூன்று. எனக்கு ஒன்று.

"என்னப்பா இது, இவன் ஒரு மேட்சுகூட ஆடலையேப்பா" என்றார் பாய். மைக் அணைக்கவில்லை.

முத்துராசு மேடையேறிக் கப்பை வாங்கினான். அழுதுவிட்டான். மைக்கைப் பிடித்து, "செல்வண்ணே, நான் ஒங்களுக்குத்தாண்ணே போட்டேன்" என்றான். கூட்டம் மறுபடியும் கை தட்டியது.

நான் கார்த்தியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"எவனுக்குடா போட்ட?"

"பாவம் மாப்ள, ஒரே ஒரு ஓட்டுன்னு கேட்டான். ஒனக்குத்தான் ஃப்ளெக்சே கட்டியாச்சே. எம் ஒரு ஓட்டாலயா கொறஞ்சுரப் போவுதுன்னு..."

அடுத்தவனைக் கேட்டேன். அதே பதில். அதற்கடுத்தவனும் அதே. வரும் வழியில் ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு தர்மம் செய்திருக்கிறார்கள். முத்துராசு ஒருத்தன் விடாமல் எல்லாரிடமும் அதே ஒரு ஓட்டைக் கேட்டிருக்கிறான். அவன் அப்பாவியா, அரசியல்வாதியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாண்டியம்மா வந்தாள்.

"நீங்க யாருக்குப் போட்டீக?"

நான் கோல் வலையின் முடிச்சைச் சரிபார்த்தேன்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"முத்துராசுக்கு."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சிரித்தாள். பட்டுச்சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மச்சான் முகம் இப்போது நன்றாக இருந்தது. "மாப்ள, அடுத்த ஞாயிறு மூணு மணிக்கெல்லாம் வந்துருங்க" என்றார்.

"சரி" என்றேன்.

போனேன். இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைக்குப் பத்துக் கிலோ மாவு. முட்டி வலி போய்விட்டது, தோள் வலி வந்துவிட்டது. கப் வாங்கியவனை உட்காரவைக்க முடியாது என்று என் இடத்தில் முத்துராசுவை இறக்கினார்கள். முதல் மேட்ச் முடிந்து மொத்த டீமும் கடைக்குச் சாப்பிட வந்தது. கார்த்தி கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாப்ள, இன்னைக்கு ஆறு."

"பரோட்டாவா?"

"கோலுடா. வாங்குனது."

நான் மாவைப் பிசைந்தேன். வேறு யாரையும் அப்படிப் பிசைய முடியாது.

அந்த ஃப்ளெக்ஸை யாரும் கழட்டவில்லை. அடுத்தவன் கழட்டுவான் என்று ஒவ்வொருத்தனும் விட்டுவிட்டான். எட்டு மாசம் புலியோடு ரோட்டில் நின்றேன். அப்புறம் ஒரு காற்றில் போய்விட்டேன்.

போன வாரம் மொட்டைமாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது. பாண்டியம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "மோட்டார யாரும் அமத்தலையா?"

"நீ அமத்திருப்பன்னு நெனச்சேம்மா" என்றாள் மகள்.

"நான் ஒங்கப்பா அமத்திருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

"நல்லாருக்கு" என்றாள் மகள். "அப்பாவுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கேட்டைப் பூட்டாமல் விட்டாலும் இதே பேச்சுத்தான். சிரித்து முடித்து அவர்கள் எழுந்திருக்கிற வரைக்கும் தண்ணீர் நிற்காது. நான்தான் போய் அமத்தினேன்.